ஏழு டயறிகளும் ஒரு பரீட்சையும்: ஏடிஎச்டி இருக்குமோ என்று கேட்டு எழுதிய சகோதரிக்கு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து 33 வயதுச் சகோதரி ஒருவர் பதினொரு பக்கங்களில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றி, அவர் சம்மதித்த பகுதிகளை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கணவர் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர். தினமும் காலையில் குருக்கள்மடத்தில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி அம்பிளாந்துறைக்குப் போகிறவர். ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அரச உத்தியோகத்தர்கள் சேவையில் முன்னேற எழுதவேண்டிய வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சைக்கு மூன்று தடவை விண்ணப்பித்த இவர், ஒரு தடவைதான் மண்டபத்துக்குப் போயிருக்கிறார். அதிலும் ஒரு பாடத்தில் மட்டுமே சித்தி. ஒவ்வொரு வருடமும் புதிய டயறி வாங்கி இலக்குகளை எழுதுகிறார். வீட்டில் இப்போது ஏழு டயறிகள் இருக்கின்றன. எதிலும் ஜனவரி 20ஐத் தாண்டி எழுத்தில்லை. காசு கையில் இருந்தும் மின்சாரப் பட்டியல் கட்டப்படாமல் சிவப்பு அறிவித்தல் வருகிறது. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு அலுமாரியை அடுக்கத் தொடங்கி, அடிப்பிடித்த மணம் வந்த பின்னரே ஞாபகம் வருகிறது. ஆனால், ஒரு மாதமாகத் தொடாமல் வைத்திருந்த திட்ட அறிக்கையை ஒரே இரவில் எழுதி முடித்து, அலுவலகத்தில் பாராட்டும் வாங்கியிருக்கிறார். கணவர் “மனம் வைத்தால் உன்னால் முடியும்” என்கிறார். மாமி “போன் பார்த்துப் பார்த்து வந்த வருத்தம்” என்கிறார். இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்த பிறகு தனக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு) இருக்குமோ என்ற எண்ணம் வந்ததாகவும், புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த ஒருவருக்கு அப்படி இருக்க முடியுமா என்ற குழப்பம் தீரவில்லை என்றும் எழுதுகிறார். கிளினிக்குக்குப் போனால் வேலைக்குப் பாதிப்பு வருமா, சக உத்தியோகத்தர் ஒருவர் தன் மகனின் குளிசையில் இரண்டு தருவதாகச் சொல்கிறாரே, அதைப் பரீட்சைக்கு முன் குடித்துப் பார்க்கலாமா, அலுமாரிக் கதவில் ஒட்டிய அட்டவணையைக் கிழித்துவிடவா என்பன அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன், ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் நீங்கள் எழுதி, பிறகு ஒரு கோடு போட்டு வெட்டியிருக்கும் வரியைப் பற்றிப் பேசவேண்டும். “சில இரவுகளில் நான் இல்லாமல் போனால் இவர்களுக்கு நிம்மதி என்று தோன்றும்” என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டிய பிறகும் அந்த வரியை வாசிக்க முடிகிறது. நான் வாசிக்கவேண்டும் என்றே அதை அப்படி விட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பரீட்சை, டயறி, குளிசை எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்கவேண்டியது இதுதான். இந்த எண்ணத்தை இன்றே கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கிளினிக்கில் வைத்தியரிடம் முதல் விடயமாக இதையே சொல்லுங்கள். அந்த எண்ணம் பலமாக வருகிற இரவில் காலை வரை காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போவதும் சரியான செயலே. பல வருடங்களாகச் ‘சோம்பேறி’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு, அதைத் தன் சொல்லாகவே ஏற்றுக்கொண்ட மனதில் மனச்சோர்வு குடியேறுவது வழமை. அது குணப்படுத்தக்கூடியது.

சோம்பலா, குறைபாடா

சோம்பல் உள்ளவர் ஒரே இரவில் நாற்பது பக்க அறிக்கை எழுதமாட்டார். செய்யவேண்டியது என்னவென்று உங்களுக்குத் தெரிகிறது, செய்ய விருப்பமும் இருக்கிறது, செய்யாமல் விட்டதற்காக அழவும் செய்கிறீர்கள். ஆனாலும் தொடங்க முடிவதில்லை. அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளிதான் ஏடிஎச்டி உள்ள வளர்ந்தவர்களிடம் நாங்கள் அதிகம் காண்பது. கடைசி நேரத்தில் நெருப்புப் பிடித்ததுபோல வேலை செய்ய முடிவதை உங்கள் கணவர் ‘மனம் வைத்தால் முடியும்’ என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். தூரத்தில் இருக்கும் பலனால் உங்கள் மூளையை அசைக்க முடியவில்லை. நாளைக்கு ஒப்படைக்கவேண்டும் என்ற நெருக்கடி வந்து தோளில் கை வைத்தபோதுதான் அது அசைந்திருக்கிறது.

புலமைப்பரிசில் சித்தியைப் பற்றிய உங்கள் குழப்பத்துக்கு விடை சுருக்கமானது. ஏடிஎச்டி புத்திக்கூர்மையை அளக்கும் விடயமல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகள், அதிலும் வகுப்பில் சத்தம் போடாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகள், புத்தியால் சமாளித்துக்கொண்டே போவார்கள். வேலை, வீடு, பிள்ளை என்று எல்லாவற்றையும் ஒருவரே நடத்தவேண்டிய வயது வரும்போது அந்தச் சமாளிப்பு போதாமல் போகிறது. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்த தாய்மார் சிலர், பிள்ளையைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, “இதெல்லாம் எனக்கும்தானே டொக்டர்” என்று கேட்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

மாமிக்கு ஒரு செய்தி. அலெக்சாண்டர் கிறைற்றன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் ஒரு விடயத்தில் கவனத்தை நிலைநிறுத்த இயலாத நிலையை 1798இலேயே எழுதிவைத்தார்; ஜோர்ஜ் ஸ்ரில் என்ற சிறுவர் வைத்தியர் 1902இல் லண்டனில் இதைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அப்போது கையில் போன் இல்லை. போன் உங்கள் கவனத்தை மேலும் சிதறடிக்கும் என்பது உண்மை. அதை அவர் சொல்வதில் தவறில்லை.

ஆனால் காணொளியில் கேட்ட அறிகுறிகள் பொருந்துவதாலேயே உங்களுக்கு ஏடிஎச்டி என்று என்னாலோ உங்களாலோ முடிவு செய்ய முடியாது. தைரொயிட் குறைபாடு, இரும்புச்சத்துக் குறைவு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பழைய அதிர்ச்சிகள் ஆகிய எல்லாமே கவனத்தைக் குலைக்கும். 2004 டிசம்பர் 26இல் உங்களுக்கு 12 வயது என்றும், அன்று சித்தப்பாவைக் கடல் கொண்டுபோனது என்றும் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டீர்கள். வைத்தியர் அந்த ஒரு வரியில் கொஞ்ச நேரம் நிற்பார். 2013இல் வெளியான அமெரிக்க மனநல வைத்தியச் சங்கத்தின் வரையறைப்படி, 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒன்பது அறிகுறிகள் கொண்ட இரண்டு தொகுதிகளில் ஒன்றிலாவது ஐந்து அறிகுறிகள் இருக்கவேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். வீடு, வேலைத்தலம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இடைஞ்சல் செய்யவேண்டும். ஆகவே சுனாமிக்கு முன்பு நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகள் கடலோடு போய்விட்டன என்று வருந்தியிருக்கிறீர்கள். இந்தக் கரையில் பலருக்கும் அதே நிலைதான், வைத்தியர்கள் அதை அறிவார்கள். மூன்றாம் வகுப்பிலேயே வாரத்துக்கு ஒரு பென்சில் தொலைத்ததையும், கோவில் திருவிழாவில் இரண்டு குடைகளை விட்டுவிட்டு வந்ததையும் அக்கா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்காதான் உங்கள் தேர்ச்சி அறிக்கை. அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிளினிக்கும் வேலையும்

மாவட்டத்தின் ஆதார வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ முதலில் ஒரு மருத்துவ உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். தேவையானால் அவர் மனநல வைத்திய நிபுணரிடம் அனுப்புவார். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. ஒரே நாளில் முடிவு சொல்லமாட்டார்கள். இரத்தப் பரிசோதனைகள் உட்பட இரண்டு மூன்று சந்திப்புகள் தேவைப்படலாம்.

கிளினிக் கொப்பி உங்கள் கையில் இருக்கும். நீங்கள் கேட்காமல் வைத்தியசாலை உங்கள் அலுவலகத்துக்கு எதையும் அறிவிப்பதில்லை; நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் கடமை. மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விடுமுறை கேட்டால் மட்டுமே அலுவலகத்துக்கு ஒரு தாள் போகும். மேலதிகாரியிடம் நீங்களாகச் சொல்லவேண்டுமா என்ற கேள்வியில், முடிவு தெரியும் முன் சொல்லவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேட்கலாம்: “சேர், வாய்மொழியாகச் சொல்வதை ஒரு துண்டில் எழுதித் தந்தால் தவறவிடாமல் முடித்துத் தருவேன்” என்பது எந்த உத்தியோகத்தரும் கேட்கக்கூடிய விடயம். கிளினிக் வாசலில் ஊரவர் யாராவது காண்பார்களோ என்ற உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நமது ஊர்களில் அது உண்மையான பயம். அந்தப் பயத்தால் எட்டு ஒன்பது வருடங்கள் தள்ளிப்போட்டவர்களையும் எனக்குத் தெரியும். உங்களுக்கு அவ்வளவு காலம் போகக்கூடாது.

மற்றவரின் குளிசை

அதைத் தொடவேண்டாம். இந்த விடயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏடிஎச்டிக்குக் கொடுக்கப்படும் மெத்தில்பெனிடேற் என்ற மருந்து மூளையில் டோபமின், நோரட்ரெனலின் ஆகிய இரசாயனங்கள் விரைவில் உள்ளிழுக்கப்படுவதைத் தடுத்து, அவை கூடுதல் நேரம் வேலை செய்ய வழிவிடுகிறது. உரியவருக்கு உரிய அளவில் நன்மை செய்யும் மருந்துதான். ஆனால் அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும், பசியைக் குறைக்கும், நேரம் தவறிக் குடித்தால் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் தொடங்குமுன் இவற்றை அளந்து பார்க்கவேண்டும். அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சட்டச் சிக்கல் வரலாம், அந்தப் பிள்ளைக்கும் இரண்டு நாள் மருந்து இல்லாமல் போகும். இரண்டாவது குழந்தைக்கு யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தியரிடம் சொல்லாமல் எந்த மருந்தும் தொடங்கக்கூடாது.

அதேநேரம், ‘பழகிப்போனால் விடமுடியாது’ என்று நீங்கள் கேள்விப்பட்டதும் சரியல்ல. வைத்தியரின் கண்காணிப்பில், சொன்ன அளவில் வாயால் உட்கொள்பவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. அற்றொமொக்செற்றின் போன்ற வேறு வகை மருந்தும் இருக்கிறது. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். மருந்து தேவை என்று முடிவானால், தொடங்குவதும் நிலைத்திருப்பதும் இலகுவாகலாம். எதைத் தொடங்குவது என்பதை அது சொல்லித் தராது. அதற்குத்தான் திட்டம்.

அலுமாரிக் கதவிலுள்ள அட்டவணை

உங்கள் அட்டவணையின் படத்தைப் பல தடவை பார்த்தேன். காலை 4.00 எழும்புதல், 4.10 படிப்பு, 5.30 சமையல் என்று தொடங்கி இரவு 10.30 தையலோடு முடிகிறது. பதினேழு வரிகள், மூன்று நிற மை, அடிமட்டம் வைத்துப் போட்ட கோடுகள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எல்லாக் கட்டங்களிலும் சரி அடையாளம். வியாழனில் இரண்டு. அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்த வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் என்று கடிதத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வராத, பேருந்து பிந்தாத, ஐந்தரை மணித்தியாலத் தூக்கம் போதுமான ஒரு பெண்ணுக்காக எழுதப்பட்ட அட்டவணை அது. அவரால் அதைப் பின்பற்ற முடியும். நீங்கள் அவர் அல்ல.

இன்னொரு விடயத்தைப் பாருங்கள். “கணவரின் பாதையை மட்டும் நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை, 6.15க்குச் சாப்பாட்டுப் பார்சல் அவர் கையில் இருக்கும்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பதினொரு பக்கத்திலும் எனக்கு மிகவும் உதவிய வரி இதுதான். மின்சாரப் பட்டியலை மறக்கும் அதே மூளை பாதையை ஏன் மறப்பதில்லை? பாதை புறப்படும் நேரம் உங்கள் தலைக்குள் இல்லை, துறையில் இருக்கிறது. வாசலில் ஒருவர் காத்துநிற்கிறார். பிந்தினால் விளைவு அந்த நிமிடமே தெரியும். என்ன செய்யவேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லை. வாழையிலையும் தாளும் அடுப்படியிலேயே இருக்கின்றன. பரீட்சையில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. உங்கள் பரீட்சைக்கும் ஒரு பாதை வேண்டும், சகோதரி. இனி நான் சொல்வது அவ்வளவுதான்.

முதலில் தையலையும் நடைப்பயிற்சியையும் ஆங்கில வகுப்பையும் பரீட்சை முடியும்வரை எடுத்து வைத்துவிடுங்கள். காலை நான்கு மணிப் படிப்பும் வேண்டாம். தூக்கத்தைக் குறைத்து வாங்கும் நேரத்தில் மனதில் ஏறுவது எதுவும் நிற்காது.

அடுத்து, ‘தாபன விதிக்கோவை படித்தல்’ என்று எழுதாதீர்கள். அரச சேவை விதிகள் அடங்கிய அந்தத் தொகுப்பு ஒரு மலை. அதன் எந்தப் பக்கத்தில் கால் வைப்பது என்று தெரியாமலே அந்த நேரம் கழிந்துபோகும். ‘12ஆம் அத்தியாயம், விடுமுறை, இரண்டு பக்கம்’ என்று எழுதுங்கள். விடுமுறைப் படிவங்கள் தினமும் உங்கள் மேசையைத் தாண்டிப் போகின்றன. தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது குற்றமல்ல. அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணத்தையும் அப்படியே, கையில் பழகிய வவுச்சரிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது, நேரத்தோடு கட்டாமல் நிகழ்வோடு கட்டுங்கள். பீற்றர் கோல்விட்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் 1999இல் விளக்கிய முறை இது: ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதிவைப்பது. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வெறும் இலக்கை விட இப்படி எழுதியவர்கள் கூடுதலாகச் செய்து முடித்தது தெரிந்தது. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஏடிஎச்டி உள்ளவர்களிடம் நடத்தப்பட்டவை அல்ல. ஆனால் தொடங்குவதே கடினமான ஒருவருக்கு, தொடங்கும் கணத்தை முன்பே தீர்மானித்து வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கிளினிக்கில் கண்டிருக்கிறேன். உங்களுக்கு நான் எழுதும் வாக்கியம்: ‘மகளுக்கு நுளம்பு வலையைக் கட்டிவிட்டு அறையை விட்டு வெளியே வந்தால், குசினி மேசையில் திறந்திருக்கும் கொப்பியின் முன் உட்காருவேன்.’ திறந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள். பின்னேரமே அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே பேனையை வைத்துவிடவேண்டும். இரவில் புத்தகத்தைத் தேடும் ஐந்து நிமிடத்துக்குள் அலுமாரி உங்களைக் கூப்பிட்டுவிடும். போன் மண்டபத்தில் சார்ஜ் ஏறட்டும். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போதும். விருப்பம் இருந்தால் தொடரலாம், கட்டாயமில்லை.

நான்காவது, வாசலில் காத்துநிற்கும் ஆள். உங்கள் அலுவலகத்தில் இன்னொரு சகோதரியும் அதே பரீட்சைக்குப் படிக்கிறார் என்கிறீர்கள். செவ்வாயும் வியாழனும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் ஒரே மேசையில் உட்காருங்கள். பேசத் தேவையில்லை, அவர் பக்கம் புரட்டும் சத்தமே உங்களை அந்த இடத்தில் வைத்திருக்கும்.

இதோடு, ஒரு வாரம் மட்டும் ஒரு சிறிய கணக்கு எழுதிப் பாருங்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முதலில் நினைத்ததை ஒரு பக்கத்திலும், உண்மையில் எடுத்ததை மறுபக்கத்திலும் எழுதுங்கள். ‘குளித்து வெளிக்கிடப் பத்து நிமிடம்’ என்பது முப்பத்தைந்து ஆக இருக்கலாம். யாரையும் குற்றம் சொல்வதற்கான கணக்கு அல்ல இது; அடுத்த திட்டத்தை மெய்யான நேரத்தில் போடுவதற்கானது.

இனி டயறிகள். ஜனவரி 20க்கு என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? புதுமை தீர்ந்துபோகிறது; அதே வாரத்தில் ஏதோ ஒரு நாள் தவறிப்போகிறது; தவறிய நாளை இரட்டிப்பாகச் செய்து சரிக்கட்ட நினைக்கிறீர்கள்; அது முடியாமல் போகவே முழு டயறியும் மூடப்படுகிறது. தவறிய நாளுக்கு வட்டி கட்டவேண்டாம். திட்டம் எழுதும் அதே தாளின் அடியில் இப்போதே எழுதிவையுங்கள்: ‘விட்டுப்போனால், எத்தனை நாள் விட்டாலும், திரும்பி வரும் நாளில் ஐந்து நிமிடம், அரைப் பக்கம்.’ கட்டாயம் விட்டுப்போகும். ஆகையால், திரும்பி வரும் வழியும் திட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். மூன்று வாரத்தில் இந்த முறையே சலித்துப்போனால் மேசையை மாற்றுங்கள், மையை மாற்றுங்கள். அது உறுதியின்மை ஆகாது. எட்டாவது டயறி மட்டும் வாங்கவேண்டாம், மகளின் எழுதி மிஞ்சிய கொப்பி ஒன்று போதும்.

உங்கள் கணவர் இதை வாசிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, “இன்னும் படிக்கவில்லையா” என்ற கேள்வியை நிறுத்திவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது ஒரே ஒரு தடவை “இன்றைக்கு எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேளுங்கள். விடை ‘இல்லை’ என்றால் அடுத்த கறியைப் பற்றிப் பேசுங்கள். வலை கட்டிய பிறகு அந்த இருபது நிமிடமும் மகள் எழும்பினால் அவளிடம் போகிறவர் நீங்களாக இருக்கவேண்டும்.

மகளும் உங்களைப்போலவே பென்சில் தொலைக்கிறாள், அது உங்களால் வந்ததோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு பெரியது. இரட்டையர் ஆய்வுகள் அதை 70 முதல் 80 சதவீதம் என்று கணிக்கின்றன. உங்கள் மகளுக்கு வருவதற்கான வாய்ப்பு அவ்வளவு என்பது அதன் பொருளல்ல. வகுப்பாசிரியரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்; இப்போதைக்கு அது போதும்.

கிளினிக்கைப் பரீட்சை முடிந்த பிறகு பார்க்கலாம் என்ற உங்கள் யோசனையை நான் ஏற்கமாட்டேன். மேலே சொன்ன முறைகள் ஏடிஎச்டி இல்லாவிட்டாலும் தீங்கு செய்யாது, அவற்றை இன்றிரவே தொடங்கலாம். ஆனால் உங்கள் களைப்புக்குக் காரணம் தைரொயிட்டாகவோ மனச்சோர்வாகவோ இருந்தால், எந்த அட்டவணையும் அதைத் தீர்க்காது. இரண்டும் ஒரே காலத்தில் நடக்கட்டும். அடுத்த கிளினிக் நாளைக் கேட்டு, அக்காவிடம் இன்றே சொல்லி, அவர் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக ஒழுங்கு செய்யுங்கள்.

அட்டவணையைக் கிழிக்கவேண்டாம். கதவிலிருந்து மெதுவாக உரித்து, நான்காக மடித்து, ஏழு டயறிகளில் ஒன்றையும் சேர்த்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் “உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்கும்போது வார்த்தை வராவிட்டால், அதை மேசையில் விரித்து, வியாழக்கிழமையைக் காட்டுங்கள்.